ஊற்றுக்கு மேலே டவர் வேண்டாம் என்று ஒன்பது மாதம்

நீலகிரியில் மஞ்சூருக்குக் கீழே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஒரு நாள் காலையில் இலை பறிக்கப் போன அம்மா, செடிகளுக்கு நடுவில் சிவப்புப் பெயின்ட் அடித்த கல் நட்டிருப்பதாகப் போன் செய்தார். எங்களை யாரும் கேட்கவில்லை, கடிதமும் வரவில்லை. விசாரித்த பிறகுதான் 230 கிலோவோல்ட் மின் லைன் வருகிறது, டவரின் நான்கு கால்களும் எங்கள் நிலத்தில் என்று தெரிந்தது.

கரண்ட் வேண்டாம் என்று எங்கள் ஹட்டியில், அதாவது ஊரில், யாரும் சொல்லவில்லை. அறுபது வருடமாகக் குந்தா பவர்ஹவுஸ்களோடு வாழ்கிறவர்கள் நாங்கள். ஆனால் அந்தக் கல் நின்ற இடத்துக்கு நேர் கீழே, பதினோரு வீடுகள் தண்ணீர் எடுக்கும் ஊற்று இருக்கிறது. சரிவும் செங்குத்து. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதைப் பார்த்தவர்களுக்கு, அந்த மண்ணில் ஆழமாகக் குழி தோண்டினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் முன்பணம் தருகிறார்கள் என்று நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

ஊட்டியில் ஒரு வக்கீலைப் பார்த்த பிறகுதான் பயம் போனது. 2003 மின்சாரச் சட்டத்தின் 164-வது பிரிவு, லைன் போடுகிறவர்களுக்கு 1885 தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை அரசு கொடுக்க வழி செய்கிறது. ஆனால் அதே தந்திச் சட்டத்தின் 10-வது பிரிவு, நிலம் நம்முடையதாகவே இருக்கும், முடிந்தவரை குறைவாகத்தான் சேதம் செய்ய வேண்டும், செய்த சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும் என்கிறது. நாம் தடுத்தால் அவர்கள் 16-வது பிரிவின்படி கலெக்டரிடம் உத்தரவு வாங்க வேண்டும், தொகை போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். மத்திய மின் அமைச்சகம் 2024 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதலில் டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதமும் கம்பி போகும் பாதைக்கு 30 சதவீதமும் என்று இருக்கிறது, ஆனால் அதை ஏற்பதா என்பது மாநிலத்தின் முடிவு. அதனால் அந்தத் தாளை மட்டும் நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம்.

ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்தோம். விசாரணை நாளில் அம்மாவும் நானும் பட்டா, சிட்டா, ஏப்ரல் மாதத்தில் ஊற்றின் முன்னால் குடங்கள் வரிசையாக நிற்கும் போட்டோ, அப்புறம் மேலே பாறைப் பக்கம் மாற்று இடத்தைக் காட்டி நானே கையால் போட்ட வரைபடம் எல்லாம் கொண்டு போனோம். அம்மா அதிகம் பேசவில்லை, போட்டோவை மேஜையில் வைத்து, "ஐயா, இந்தத் தண்ணி போச்சுன்னா நாங்க எங்க போறது" என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரமே ஒரு இன்ஜினியர் நேரில் வந்து, ஊற்றுக்கு இறங்கி, மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார். எல்லாம் முடிய ஒன்பது மாதம் ஆனது, டவர் பாறைப் பக்கம் தள்ளிப் போனது.

வெட்டுவதற்கு முன்னால் செடிகளை நீங்களே எண்ணுங்கள். பாதைக்காக எங்களிடம் எடுத்த செடிகள் நான் எண்ணியபோது 214, அவர்கள் பட்டியலில் 160. விஏஓவை வைத்துக்கொண்டு மறுபடி எண்ணித்தான் சரியானது.

டவர் தள்ளிப் போன இடம் பெரியப்பாவின் நிலத்தை ஒட்டியது. கம்பிப் பாதைக்காக அவருடைய ஏழு சில்வர் ஓக் மரங்கள் போய்விட்டன. அவர் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அவருடைய மரக் கணக்கு இன்னும் தீரவில்லை, வருகிற திங்கட்கிழமை அவரோடு ஊட்டிக்குப் போகிறேன்.