பேனலுக்கு வேண்டியது வெளிச்சம்

"வெயில் சூடு ஏற ஏற கரண்டும் ஏறும்தானே டீச்சர்?"

ஏழாம் வகுப்பில் சூரிய மின்சாரம் நடத்தும்போதெல்லாம் வரும் கேள்வி. காரைக்குடி வெயிலில் வளர்ந்த பிள்ளைகள், வேறெப்படிக் கேட்பார்கள்!

வாயால் பதில் சொல்லவில்லை. ஆறு வோல்ட் பேனல் ஒன்று, மல்டிமீட்டர், ஒரு வாளித் தண்ணீர். பங்குனி உச்சிவெயிலில் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். பேனலில் கைவைக்க முடியவில்லை. மீட்டரில் 5.8 வோல்ட். ஈரத்துணியால் பேனலின் அடிப்பக்கத்தை ஒற்றச் சொன்னேன். வெயில் அதே வெயில்தான்; எண் மெல்ல ஏறி 6.2க்கு வந்தது. ஒருத்தி நம்பாமல் ஒயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். அந்த நம்பாமை எனக்கு ரொம்பப் பிடித்தது.

பேனலுக்குள் இருக்கும் சிலிக்கானில் எலெக்ட்ரானைக் கிளப்பிவிடுவது ஒளி. சூடு கூடினால் வோல்டேஜ் இறங்கும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் பேனல் தரும் மின்சாரம் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். மாடியில் பேனலுக்கு அடியில் காற்றுப்போக இடம் விடுவது இதனால்தான்.

"அப்போ அப்பத்தா வளவுல காயப்போடுற வத்தலுக்குத்தான் சூடு வேணும், இதுக்கு வெளிச்சம் போதும்" என்றான் கடைசி பெஞ்சுப் பையன். அதையே கரும்பலகையில் எழுதிப்போட்டேன்.

அடுத்தது பேட்டரி. அழகப்பச் செட்டியார் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் ஊரிலேயே இருக்கிறது. அங்கே பேட்டரி ஆராய்ச்சி நடப்பது இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தெரியவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. கூட்டிப்போக அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன்.