கொப்பி மிச்சம் பிடித்த கணக்கு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்தவர்களுக்கு ஒரு சீ.ஆர். கொப்பியின் (தடித்த குறிப்பேட்டின்) அருமை தெரியும். பொருளாதாரத் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படித்து, எழுதிய தாளின் ஓரத்திலேயே அடுத்த கணக்கையும் செய்தோம். அப்போதுதான் எங்கள் தூய கணித சேர் பாடத்திட்டத்தில் இல்லாத ஓர் எண்ணைக் கரும்பலகையில் எழுதினார்: 4294967297.

2இன் 32ஆம் வலுவுடன் ஒன்றைக் கூட்டினால் வருவது அது. (ஒன்று குறைந்த எண், கணினி வலையமைப்பில் வேலை செய்கிற நம் ஆட்களுக்குப் பழக்கம், இணையத்தில் கணினிகளுக்குத் தரும் பழைய ஐ.பி. முகவரிகளின் மொத்தத் தொகை.) 3, 5, 17, 257, 65537 என்று ஒரு வரிசை. ஒன்றைக் கழித்து, வர்க்கித்து, ஒன்றைக் கூட்டினால் அடுத்தது. ஐந்தும் முதன்மை எண்கள், அதாவது ஒன்றாலும் தம்மாலும் மட்டுமே வகுபடுவன. ஆகவே இனி வருவனவும் அப்படித்தான் என்று பிரெஞ்சுக் கணிதர் பெர்மா 1640 அளவில் நம்பினார். 1732இல் சுவிஸ் கணிதர் ஒயிலர் ஆறாவதை, அதாவது சேர் எழுதிய அந்த எண்ணை, 641 × 6700417 என்று உடைத்துவிட்டார்.

"641 எங்கையிருந்து வந்தது?" என்றார் சேர். 2, 3, 5 என்று முதன்மை எண்களால் வரிசையாக வகுத்துப் போனால் 641 வருவது 116ஆவதாக. "உங்களிட்டை அவ்வளவு கொப்பி இருக்கோ?"

பிறகு விளக்கினார். ஒரு முதன்மை எண் இதை வகுக்குமானால், அதனால் 2இன் 32ஆம் வலுவை வகுக்கும்போது மீதி −1 (வகுபட ஒன்று குறைவு). அதை வர்க்கித்தால், 64ஆம் வலுவின் மீதி 1. அதற்கு முன் எந்த வலுவிலும் மீதி 1 வராது. ஆக, மீதிகள் 64 அடிக்கு ஒருமுறை சுற்றி வருகின்றன. அந்தச் சுற்றின் நீளம், முதன்மை எண்ணில் ஒன்று குறைந்ததை மீதியின்றி வகுக்க வேண்டும். இது பெர்மாவே சொன்ன தேற்றம்! அவருடைய நம்பிக்கையை அவருடைய தேற்றமே கவிழ்த்துவிட்டது. எனவே காரணி 64இன் மடங்குடன் ஒன்று கூட்டியதாகவே இருக்கும். அப்படிப்பட்ட முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே ஆள் அகப்பட்டுவிடும்.

641 = 5⁴ + 2⁴ = 5 × 2⁷ + 1 என்பதை வைத்து நாலு வரியில் நிறுவுகிற வழியொன்றும் உண்டு. புத்தகங்கள் அதைத்தான் மெச்சும். எனக்கு அதில் அவ்வளவு பிடிப்பில்லை. 641 கைக்கு வந்த பிறகு செய்கிற வித்தை அது, தேடுகிறவனுக்கு உதவாது.

1878இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா விதியை இன்னும் இறுக்கினார்: 64 அல்ல, 128இன் மடங்குடன் ஒன்று. அப்போது மிஞ்சுவன 257, 641 இரண்டுதான். 257ஐப் பரீட்சிக்கவும் தேவையில்லை. அது இதே வரிசையின் முந்தைய உறுப்பு; முந்தைய உறுப்பு எதனால் வகுத்தாலும் மீதி 2தான். முதல் வகுத்தலே 641.

6700417 முதன்மையா என்பதை சேர் வீட்டுவேலையாகத் தந்தார். அதே விதி அதற்கும் பொருந்தும்; வர்க்கமூலம் 2589ஐத் தாண்டாது. 641ஐ இன்னொருமுறை பார்த்துவிட்டு, 769, 1153, 1409 மூன்றாலும் வகுத்தால் போதும். அரைப் பக்கத்தில் முடிந்தது.