பியானோக் கட்டையின் கனத்தை எடை வைத்து அளந்து பார்த்தேன்

என் கிராண்ட் பியானோவில் நடு ஸ்தாயியில் சில கட்டைகள் மட்டும் விரலுக்குக் கனமாக இருந்தன. இந்தக் கனம் உராய்வாலா, கம்பியை அடிக்கும் சுத்தியலின் எடையாலா என்று பிரித்துப் பார்த்த பிறகே கை வைப்பது என்று முடிவு செய்தேன்.

பெடலை மிதித்து டேம்பர்களை (கம்பியின் அதிர்வை அடக்கும் ஃபெல்ட் கட்டைகளை) விலக்கிவிட்டு, ஒரு கட்டையின் முன் நுனியில் சின்னச் சின்ன எடைகளாக அடுக்கினேன். அது மெதுவாக இறங்க 62 கிராம் தேவைப்பட்டது. வழக்கமாக 50 கிராமை ஒட்டி இருக்கும். அப்புறம், அழுத்திய கட்டை எவ்வளவு எடையைத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது என்று பார்த்தால் 14 கிராம்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி உராய்வு: 24. கூட்டிப் பாதியாக்கினால் சமநிலை எடை, அதாவது உராய்வை நீக்கிய பிறகு சுத்தியலின் பக்கத்திலிருந்து வரும் கனம்: 38. அது சரியாகவே இருக்கிறது. ஆக, எங்கோ பிடிக்கிறது.

பிடித்த இடம், கட்டை நழுவாமல் நிறுத்தும் உலோக முளையைச் சுற்றியுள்ள ஃபெல்ட். ஈரப்பதத்தில் உப்பியிருந்தது. அதற்கென்றே உள்ள இடுக்கியால் லேசாக அழுத்திவிட்டு, முளையையும் துடைத்து மெருகேற்றினேன். இறங்க 51, ஏற 25. உராய்வு 13 ஆகிவிட்டது. சமநிலை எடை அதே 38. அந்த எண் அசையாமல் நின்றதில் எனக்கு அவ்வளவு திருப்தி!

மெல்ல வாசிக்கும்போது மாற்றம் உடனே தெரிந்தது. ஓங்கி அடிக்கும்போது அவ்வளவாக இல்லை. கட்டை சுமார் 10 மி.மீ. இறங்குவதற்குள் சுத்தியல் அதைப்போல ஐந்து மடங்கு தூரம் பாய வேண்டும். அங்கே விரல் எதிர்கொள்வது பெரும்பாலும் நிலைமத்தை. கட்டையின் முன்பாதியில் ஈயம் சேர்த்தால் விரலுக்குக் கனம் குறையும் என்பதும் மெதுவாக அழுத்தும்வரைதான். வேகமாக அடித்தால் அந்த ஈயத்தையும் சேர்த்தே தள்ள வேண்டும்.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். ஆக்‌ஷனை (கட்டைகளும் சுத்தியல்களும் சேர்ந்த இயக்கப் பகுதியை) வெளியே இழுத்து, சுத்தியலை எழவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு கட்டையை அழுத்தினேன். சுத்தியல் அசையவில்லை, ஆனாலும் கட்டையின் நுனி கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியது. மரம் வளைகிறது, ஃபெல்ட்டும் தோலும் நசுங்குகின்றன. பலமாக அடிக்கும்போது விரல் தரும் ஆற்றலில் ஒரு பங்கு முதலில் இங்கேதான் போகிறது. அதனால்தான் அப்போது சுத்தியல் கம்பியைத் தொடுமுன்பே கட்டை அடியில் முட்டிவிடுகிறது. மெல்ல வாசித்தால் கம்பி முந்திக்கொள்ளும். எப்படி வாசித்தாலும், கம்பிக்கு ஓரிரு மி.மீ. இருக்கும்போதே சுத்தியல் விடுபட்டுவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது அடியிலுள்ள ஃபெல்ட்டுக்குத்தான் போகும்.

அடுத்து பாஸ் (தாழ்ந்த ஸ்வரங்கள்) பக்கம். அங்கே சுத்தியல்கள் கனம் கூடியவை, அதனால் சமநிலை எடையிலிருந்தே தொடங்கப் போகிறேன்.