அரிசி தின்றால் கல்யாணத்தில் மழை

டியூஷன் முடிந்து பிள்ளைகள் போனதும் திண்ணையைப் பெருக்குவது என் வழக்கம். 2023 ஆடி மாதத்தில், ஒரு மூலையில் மட்டும் தினமும் எறும்பு சாரை போட ஆரம்பித்தது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி உட்காருகிற இடம் அது. குனிந்து பார்த்தால் அரிசி. வேகாத ரேஷன் அரிசி, நாலைந்து மணி.

மறுநாள் கவனித்தேன். பைக்குள் கை போகிறது, அப்புறம் வாய்க்குப் போகிறது, நறநறவென்று ஒரு சத்தம். "என்னடி அது?" என்றதும் முழித்தாள். அவள் தம்பி மூன்றாம் வகுப்பு. எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன். "அக்கா அரிசி திங்கும் மிஸ். பலப்பம்கூடத் திங்கும். கல்யாணத்தன்னைக்கு மழை பெய்யும்னு அப்பத்தா வைதுச்சு" என்று போட்டுக்கொடுத்துவிட்டான்.

எல்லோரும் சிரித்தோம், நானும்தான். சின்ன வயதில் நானும் அரிசி தின்றவள், இதே வசவை வாங்கியவள். என் கல்யாணத்தன்று ஒரு சொட்டு மழை இல்லை. வைகாசி வெயிலில் பந்தலே காய்ந்தது.

ராத்திரி போனில் பேசும்போது இதைத் தோழியிடம் சொன்னேன். பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் சிரிக்கவில்லை. "நாளைக்கு அந்தப் பிள்ளையோட கீழ் இமையை இழுத்துப் பாரு" என்றாள். பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் கழுவிவிட்ட மாதிரி வெளுத்துக் கிடந்தது.

உடம்பில் இரும்புச் சத்து குறைந்தால் சிலருக்கு வேகாத அரிசி, பலப்பம், சாம்பல், மண் என்று நாக்கு அலையுமாம். அதற்குப் 'பைகா' என்று பெயரே இருக்கிறது. நாம் அதை மழைக் கணக்கில் சேர்த்துவிட்டோம். இரண்டு மாதமாக நான் அவளைத் தூங்குமூஞ்சி என்றும் சோம்பேறி என்றும் திட்டியதெல்லாம் அந்த ராத்திரி ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வாய்ப்பாடு சொல்லும்போதே கண் சொருகும். மாடிப்படி ஏறி வந்தால் மூச்சு வாங்கும். பதின்மூன்று வயதில் யாருக்காவது மூச்சு வாங்குமா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாநகராட்சி சுகாதார நிலையத்துக்குப் போனோம். காசில்லாமல் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.2. அந்த வயதுப் பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. என் திண்ணைக்கு வருகிற பெண்பிள்ளைகள் பதினொரு பேர். கணக்கு டீச்சர் அல்லவா, உடனே வகுத்துப் பார்த்தேன். அடுத்த வாரம் முழுக்க எல்லோருடைய இமையையும் இழுத்துப் பார்த்துப் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தினேன்.

எங்கள் தெரு மதுரைச் செல்லூரில் இருக்கிறது. எதிர்த்த வளவில் ஒரு வாசலுக்குள் ஒன்பது குடித்தனம், ஒரு குழாய். அந்தப் பெண்ணின் வீடு கடைசி. அம்மா துண்டுத் தறிக்கும் அப்பா மூட்டை தூக்கவும் விடியுமுன் போய்விடுவார்கள். பிள்ளைக்குக் காலை ஆகாரம் கடை டீயும் இரண்டு வர்க்கியும்தான். தம்பி மட்டும் பள்ளியில் பொங்கலோ உப்புமாவோ சாப்பிடுகிறான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும். அக்கா எட்டாவது. வயதுக்கு வந்து மாதாமாதம் ரத்தம் போக ஆரம்பிக்கிற நேரத்தில் காலைத் தட்டு நின்றுவிடுகிறது. இதை யார் யோசித்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குக் கோபம். மத்தியானச் சத்துணவையும் அவள் வாங்குவதில்லை, கூட்டாளிகள் கேலி செய்கிறார்களாம்.

பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறார்கள். ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம். அவள் பென்சில் டப்பாவைத் திறந்தால் ஏழெட்டு மாத்திரை உருண்டது. வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியதாம். ஒருமுறை மலம் கறுப்பாகப் போனதும் பயந்துவிட்டாள். அப்படித்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்கு வேறு பயம். "இதைப் போட்டா பின்னாடி பிள்ளை நிக்காதுன்னு சொல்றாகளே மிஸ்?" நான் கேட்டேன், "இவளை உண்டாகியிருந்தப்ப உனக்குச் சிவப்பு மாத்திரை குடுத்தாங்களா? இது அதே சரக்குதான், நிறம்தான் வேற." அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

சரி, எல்லோரையும் சொல்லியாயிற்று. என் பங்கையும் சொல்கிறேன். எப்போதாவது அவள் மாத்திரை போட்ட நாட்களில், சாயங்காலம் என் திண்ணையில் உட்கார்ந்து போட்டிருக்கிறாள். எதைக் குடித்து? ஐந்து மணிக்குப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கிற டீயைக் குடித்து. டீயில் இருக்கிற துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது வேண்டும் என்று தோழி சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. ஆறு வருடமாக ஆசையாக டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அவள் அப்பா பாவம், சம்பளத்தன்று மாதுளம்பழமும் பீட்ரூட்டும் வாங்கி வந்தார். சிவப்பாக இருந்தால் ரத்தம் ஊறும் என்று நம்பிக்கை. அந்தக் காசுக்கு எவ்வளவோ கீரை வாங்கலாம். எங்கள் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் முருங்கை தானாக நிற்கும், கை நீட்டி ஒடிப்போம். வளவில் ஒரு முருங்கைக் கொப்பு ஊன்ற ஒரு சாண் மண் இல்லை, எல்லாம் சிமெண்ட். கீரைக்கார அம்மாவும் முருங்கையை அதிகம் கொண்டுவருவதில்லை. பொழுது சாய்வதற்குள் இலை உதிர்ந்துவிடும், நஷ்டம் என்பார். கடைசியில் காரியத்தைக் கையில் எடுத்தது மழைச் சாபம் விட்ட அப்பத்தாதான். விடிகாலையில் கறிக்கடைக்குப் போய் நின்று சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கி வந்து, மிளகு போட்டு வதக்கிக் கொடுத்தார். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும், முந்தினால்தான் கிடைக்கும்.

பூச்சி மாத்திரை ஒன்று கொடுத்துவிட்டு, டாக்டர் மூன்று மாதத்துக்குத் தினமும் இரும்பு மாத்திரை எழுதினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொன்னதால் குமட்டல் குறைந்தது. முதல் மாத முடிவில் 9.4, மூன்றாம் மாத முடிவில் 11.3. அதற்கெல்லாம் முன்பே, மூன்றாவது வாரத்திலேயே அரிசி ஆசை விட்டுப்போய்விட்டது. "நல்லாவே இல்ல மிஸ், அதை எப்படித் தின்னேன்?" என்றாள்.

இப்போது ஐந்து மணிக்கு டீ கிடையாது, எலுமிச்சைச் சாறுதான். பையன்களுக்கு இன்னும் வருத்தம். திண்ணை மூலைக்கு எறும்பு வருவது மட்டும் நிற்கவில்லை. இப்போது சர்க்கரைக்கு வருகிறது.