ஏணைக்குள் ஒரு காற்றுப் பாய்

மணற்காட்டுச் சவுக்கந்தோப்பில் தை மாத இரவொன்றைத் தொங்குபடுக்கையில் கழிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அம்மம்மா கேட்டது ஒரேயொரு கேள்விதான்: "ஏணைக்குள்ள கீழ என்னத்தை விரிக்கப் போறாய்?" போர்த்துவதற்குக் கம்பளி இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்துவிட்டுப் புறப்பட்டேன். அதிகாலை இரண்டு மணிக்கு, கடற்பக்கமிருந்து வாடைக்காற்று விடாமல் அடிக்க, நெஞ்சுப் பக்கம் வியர்த்தும் முதுகுப் பக்கம் விறைத்தும் கிடந்தபோதுதான் அவர் ஏன் மேலே போர்ப்பதைப் பற்றிக் கேட்காமல் கீழே விரிப்பதைப் பற்றிக் கேட்டார் என்பது விளங்கியது.

யாழ்ப்பாணத்தில் என்ன குளிர் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தை மாத இரவில் இங்கே வெப்பநிலை 22 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும். வீட்டுக்குள் பாயில் படுப்பவருக்கு அது சுகமான நித்திரைக்கு உரிய காலம். தொங்குபடுக்கையிலோ உடலுக்குக் கீழே இருப்பது ஒரு மெல்லிய நைலோன் துணி மட்டுமே, அதற்கும் கீழே காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது; தோலை ஒட்டிச் சூடேறுகிற காற்றுப் படலம் தங்கி நிற்பதற்கு முன்பே அடித்துச் செல்லப்படுகிறது. கம்பளியை முதுகுக்குக் கீழும் சுற்றிக்கொண்டால் போதாதா என்றால், போதாது. கம்பளியின் சூடு அதன் இழைகளுக்கிடையே அகப்பட்டிருக்கும் காற்றினால் வருவது. உடற்பாரம் அந்தக் காற்றை நசுக்கி வெளியேற்றிவிடுகிறது. விலை கூடிய உறக்கப் பைக்கும் முதுகுக்குக் கீழே இதே கதிதான்.

அடுத்த முறை, கனடாவிலிருந்து வந்த மச்சான் விட்டுச் சென்ற காற்றுப் பாயைக் கொண்டுபோனேன். ஊதினால் 7 சென்ரிமீற்றர் தடிப்புக்கு எழும்பும், சுருட்டினால் தண்ணீர்ப் போத்தல் அளவுக்கு அடங்கும் பாய் அது. சைக்கிள் ரியூப்புக்கு அடிப்பது போல இறுக்கி ஊதி, ஏணைக்குள் போட்டு ஏறிப் படுத்தேன். பாய் ஒரு பலகையாகிவிட்டது. ஏணை வளையப் பார்க்கிறது, பலகை நிமிரப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான். ஒரு பக்கம் புரண்டதும் பாய் மறுபக்கத்தால் வழுக்கி மேலெழுந்து என் முகத்தை மூடியது. சித்தப்பாவின் மகன் பக்கத்து மரத்தில் தொங்கிக்கொண்டு சிரித்த சிரிப்பை இங்கே எழுதத் தேவையில்லை.

நிலத்தில் விரிக்கும்போது நம்மைத் தாங்குவது பாய்க்குள் இருக்கும் காற்று. ஏணையில் நம்மைத் தாங்குவது துணி. ஆகவே ஏணைக்குள் அந்தக் காற்றுக்கு ஒரு வேலைதான் உண்டு, முதுகுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையில் நிற்பது. அதற்கு இறுக்கம் வேண்டியதில்லை. இப்போது நான் பாயை முழுதாக ஊதி உள்ளே போட்டு, அதன் மேல் படுத்தபடியே வால்வைத் திறந்து, இடுப்பு அமிழ்ந்து பாய் துணியின் வளைவுக்கு இசைந்து வரும் வரை காற்றை விடுகிறேன். ஏறக்குறைய பாதிக் காற்று போய்விடும். துணியை விரலால் கீழிருந்து அழுத்திப் பார்த்தால் முதுகு தட்டுப்படக் கூடாது. அந்த அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

கட்டும் விதமும் பாயின் நிலையைத் தீர்மானிக்கிறது. கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினால் ஏணையின் இரு ஓரமும் உயர்ந்து தோள்களை நெருக்கும், பாயும் நெடுக்காக மடங்கிவிடும். கயிறு கிடைமட்டத்துக்கு 30 பாகை சரிவில் இருக்கத் தொய்வாகக் கட்டுவதே முறை. அந்தச் சரிவில் 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒவ்வொரு பக்கக் கயிறும் தாங்குவது ஏறத்தாழ 70 கிலோ. 10 பாகைக்கு இறுக்கினால் அது 200 கிலோவாகிவிடும், சவுக்கு மரத்தின் பட்டைக்கும் அது நல்லதல்ல. தொய்வாகக் கட்டிய பின் நேராகப் படுக்காமல், தலையை ஒரு ஓரத்துக்கும் காலை எதிர் ஓரத்துக்குமாகக் கோணலாகப் படுத்தால் உடல் ஏறக்குறையத் தட்டையாகிவிடும். பாயையும் அதே கோணலில் வைக்க வேண்டும் என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

அகலத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வழக்கமான 51 சென்ரிமீற்றர் பாயில் துணி தோள்களைச் சுற்றி ஏறுகிற இடம் வெறுமையாகி, குளிர் அங்கே வந்து குந்திவிடும். 64 சென்ரிமீற்றர் அகலப் பாய் தோளையும் சேர்த்து மறைக்கும். உள்ளே வெறும் காற்று மட்டும் உள்ள பாயில் அந்தக் காற்றே சுழன்று சூட்டைக் கீழே கடத்துவதால், மலைநாட்டுக்குப் போகிறவர்கள் உள்ளே வெப்பத்தைத் திருப்பும் படலமோ பஞ்சிழையோ வைத்த பாயைத் தேட வேண்டும். வடக்கின் வாடைக்குச் சாதாரணப் பாய் போதும்.

அந்தப் பாயின் பிளாஸ்ரிக் மேற்பரப்பு வியர்வையை உறிஞ்சாமல் முதுகோடு ஒட்டிக்கொள்ளும், நைலோனின் மேல் வழுக்கவும் செய்யும். இரண்டுக்கும் நான் கண்ட மருந்து மூட்டிய பருத்திச் சாரம். தலையணைக்கு உறை போடுவது போலப் பாயைச் சாரத்துக்குள் நுழைத்துவிட்டால் தோளிலிருந்து தொடை வரை மூடிவிடும். வியர்வையைப் பருத்தி வாங்கிக்கொள்ளும், பாயும் இடத்தை விட்டு நகராது. இரட்டைத் துணி ஏணை வைத்திருப்பவர்கள் இரு துணிகளுக்கும் இடையில் பாயைச் செருகலாம். என்னுடையது ஒற்றைத் துணி.

ஏணைக்கு வெளியே, அடியில் தொங்கவிடும் கீழ்ப்போர்வை இதைவிட மேலானது. உடற்பாரம் அதை நசுக்காது, புரண்டாலும் விலகாது. ஆனாலும் நான் பாயையே வைத்திருக்கிறேன். நெடுந்தீவு போன்ற இடத்தில், கண்ணுக்கெட்டிய வரை வெளியும் கல்வேலியுமாக இருக்க, ஏணை கட்டத் தோதான இரண்டு மரங்களைத் தேடி அலைவதைவிட நிலத்தில் விரித்துப் படுப்பது சுலபம்.

ஆனால், பனங்கூடலுக்குள் பாயை நிலத்தில் வைத்து ஊத வேண்டாம். காவோலை தலையில் விழும் என்ற பயம் இருந்ததால் மேலே பார்த்தேனே தவிரக் கீழே பார்க்கவில்லை. மண்ணில் கிடந்த பனைமட்டையின் கருக்கு ஊசி குத்தியது போல ஒரு துளை போட்டுவிட்டது. சைக்கிள் கடைக்காரர் அதைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, குமிழி வந்த இடத்தை உடனே பிடித்து, ரியூப்புக்கு ஒட்டும் றப்பர்த் துண்டையே ஒட்டித் தந்தார். "இந்தச் சீலையில இது கனநாள் நிக்காது தம்பி" என்று அவரே சொல்லிவிட்டார், காசும் வாங்கவில்லை. அடுத்த பயணத்தில் அது உரிந்து வந்தது. பாயோடு வந்த ஒட்டுத் துண்டைத் தேடியெடுத்து ஒட்டியிருக்கிறேன். இப்போது ஊதுவதற்கு முன் நிலத்தில் ஒரு சாக்கை விரித்துக்கொள்கிறேன்.