கருவிழிப் பூஞ்சைக்கு இன்றும் நாட்டமைசின்தான் முதல் மருந்து, ஏன்?

மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் நெல் அறுப்பு தொடங்கினால் கண் மருத்துவமனைகளில் ஒரே மாதிரியான நோயாளிகள் வருவார்கள். நெல் தோகை கண்ணில் அடித்திருக்கும். அலங்காநல்லூர்ப் பக்கம் என்றால் கரும்புச் சோகை. அன்றைக்கு வெறும் உறுத்தல்தான். "தூசிதானே" என்று தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விட்டிருப்பார்கள். சில நாளில் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். மெடிக்கலில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் முதலில் சிவப்பு குறையும், வலியும் குறையும். சரியாகிவிட்டது என்று வேலைக்குப் போவார்கள். அதற்குள் பூஞ்சை கருவிழியின் அடி அடுக்குவரை இறங்கியிருக்கும்.

1994-ன் முதல் மூன்று மாதத்தில் மதுரையில் சிகிச்சைக்கு வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளைச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. மூன்றில் இருவருக்குக் கண்ணில் அடிபட்ட பிறகு வந்த புண். கல்ச்சரில், அதாவது புண்ணிலிருந்து எடுத்ததை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்ததில், கிருமி வளர்ந்தவர்களில் பாக்டீரியா 47 சதவீதம், பூஞ்சையும் 47 சதவீதம். பூஞ்சைகளில் பாதிக்குப் பக்கம் ஃபியூசேரியம் என்ற வகை. குளிர்நாட்டுப் பாடநூலை நம்பி "பாக்டீரியாவாகத்தான் இருக்கும்" என்று ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்தால் இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தப்பான மருந்து போகும். கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பதையும் நம்ப முடியாது. இறகு போன்ற விளிம்பு, பக்கத்தில் சின்னச் சின்னத் துணைப்புள்ளிகள், உலர்ந்து மேடிட்ட தோற்றம் எல்லாம் பூஞ்சைக்கு அடையாளம்தான். ஆனால் ஏற்கெனவே நாலு சொட்டு மருந்து விட்டு வந்த கண்ணில் இந்த அடையாளங்கள் கலைந்திருக்கும்.

ஆகவே முதல் வேலை ஸ்கிராப்பிங், அதாவது புண்ணைச் சுரண்டிச் சோதிப்பது. மரத்துப்போகும் சொட்டு விட்டு, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்பில் உட்காரவைத்து, மேலே படிந்த சளியையும் செத்த திசுவையும் முதலில் அகற்றிவிட வேண்டும். பிறகு தீயில் காட்டி ஆறவைத்த கிமுரா ஸ்பேட்சுலா என்ற சிறு தட்டைக் கருவியால், அல்லது 15-ஆம் எண் பிளேடால், புண்ணின் விளிம்பிலும் அடியிலும் சுரண்ட வேண்டும். நடுவில் மட்டும் சுரண்டினால் செத்த செல்கள்தான் வரும். கருவிழி கிழியும் அளவுக்கு மெலிந்திருந்தால் அந்த இடத்தைத் தொடக்கூடாது. எடுத்ததில் ஒரு ஸ்லைடு கிராம் சாயத்துக்கு, ஒன்று 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு. மீதியைக் கிருமி வளர்க்கும் ஊடகங்களான பிளட் அகாரிலும் பொட்டேட்டோ டெக்ஸ்ட்ரோஸ் அகாரிலும் ஆங்கில 'சி' வடிவக் கோடாக இழுக்க வேண்டும். கோட்டின் மேல் வளர்ந்தால் அது கண்ணிலிருந்து வந்தது. கோட்டுக்கு வெளியே வளர்ந்தால் காற்றிலிருந்து வந்த கலப்படம் என்று தள்ளிவிடலாம். பூஞ்சைக்கான ஊடகத்தில் சைக்ளோஹெக்சிமைடு என்ற வேதிப்பொருள் இருக்கவே கூடாது, தேடுகிற பூஞ்சையையே அது வளரவிடாது.

கல்ச்சருக்குப் பல நாள் ஆகும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஸ்லைடு சில நிமிடத்தில் பதில் சொல்லிவிடும். தடுப்புச் சுவரோடு கிளைவிட்ட இழைகள் தெரிந்தால் அன்றே பூஞ்சை மருந்தைத் தொடங்கலாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: நொகார்டியா. அதுவும் கிளைவிட்ட இழைதான், ஆனால் பூஞ்சை இழையைவிட மிக மெல்லியது. அது ஒரு பாக்டீரியா. பூஞ்சை என்று நினைத்து வாரக்கணக்கில் நாட்டமைசின் விட்டால் எதுவும் நடக்காது. அதற்கு அமிக்காசின் என்ற ஆன்டிபயாட்டிக்.

இப்போது மருந்துக்கு வருவோம். நாட்டமைசின் பழைய மருந்து. 5 சதவீத வெள்ளைக் கலங்கல். கருவிழிக்குள் ஆழமாக இறங்காது என்ற குறை நெடுங்காலமாகவே உண்டு. வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்து புதிது, நன்றாக ஊடுருவும், சோதனைக்குழாயிலும் நம்பிக்கை தந்தது. பல மருத்துவர்கள் அதற்கு மாறத் தொடங்கியிருந்தார்கள். அந்த நேரத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையின் மதுரை, கோவை, புதுச்சேரி மையங்களும் சான்பிரான்சிஸ்கோவின் புரோக்டர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்தியதுதான் 'மட்' என்ற ஆய்வு. ஸ்லைடில் பூஞ்சை உறுதியான 323 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு 5 சதவீத நாட்டமைசின், மறுபாதிக்கு 1 சதவீத வோரிகோனசோல் கொடுத்தார்கள். 2013-ல் முடிவு வெளியானது.

மூன்று மாத முடிவில் நாட்டமைசின் பிரிவுக்குப் பார்வை அட்டையில் சராசரியாக 1.8 வரிசை கூடுதல். ஃபியூசேரியத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் 4.1 வரிசை. கருவிழி ஓட்டையானதோ அவசரமாக மாற்றுக் கருவிழி வைக்க நேர்ந்ததோ நாட்டமைசின் பிரிவில் 18 பேருக்கு, வோரிகோனசோல் பிரிவில் 34 பேருக்கு. ஆறாம் நாள் மறுபடி சுரண்டி வளர்த்தபோதும் வோரிகோனசோல் பிரிவில்தான் பூஞ்சை அதிகம் உயிரோடு இருந்தது. ஃபியூசேரியம் அல்லாத பூஞ்சைகளில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

காரணம் மருந்து வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் உண்டு. வோரிகோனசோல் அதன் உற்பத்தியைத் தடுக்கும். ஃபியூசேரியத்துக்கு இந்த அசோல் வகை மருந்துகளை இயல்பாகவே தாங்கும் குணம் உண்டு. நாட்டமைசின் ஏற்கெனவே சவ்வில் இருக்கும் எர்கோஸ்டெராலையே போய்ப் பிடித்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகள் பட்டியலில் ஃபியூசேரியம் இரண்டாம் படியில் நிற்கிறது. புதிய மருந்து என்றால் வலுவான மருந்து என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த ஆய்வைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து கண் மருத்துவத்தில் இல்லை. பின்னர் நேபாளத்தில் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியை நாட்டமைசினோடு ஒப்பிட்டுப் பார்த்து 2022-ல் வெளியிட்டார்கள். அங்கேயும் நாட்டமைசினே மேல்.

மாத்திரை சேர்த்தால்? அதற்கு இரண்டாவது 'மட்' ஆய்வு: புண் முற்றிய 240 பேர், எல்லோருக்கும் சொட்டு மருந்து, பாதிப் பேருக்கு வோரிகோனசோல் மாத்திரையும். மொத்தத்தில் பலன் கூடவில்லை, பக்கவிளைவுதான் கூடியது.

மருந்து சரியாக இருந்தும் தோற்பது பெரும்பாலும் விடும் முறையில். நாட்டமைசின் கலங்கல் மருந்து, பாட்டிலின் அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலிருக்கும் தண்ணீர்தான் கண்ணுக்குள் போகும். ஆய்வில் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு, ஒரு வாரம். பிறகு இரண்டு மணிக்கொருமுறை, மூன்று வாரம் முடியும்வரை. வேறு சொட்டும் விடவேண்டியிருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி. மருந்து புண்ணின்மேல் வெள்ளையாகப் படியும். "பூ கூடிருச்சு" என்று பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. முதல் நாளே சொல்லிவைப்பது மருத்துவரின் கடமை.

முன்பே விட்ட சொட்டால் வரும் சங்கடம் பாக்டீரியாப் புண்ணிலும் உண்டு, வேறு வடிவில். மாக்ஸிஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாட்டிக் சொட்டு விட்டு வந்தவர்களின் கிருமிகளைத் தடுக்க அதே வகை மருந்து கூடுதல் செறிவில் தேவைப்பட்டது என்பது, பாக்டீரியாப் புண் வந்த 500 பேரை வைத்து நடந்த 'ஸ்கட்' என்ற ஆய்வில் தெரிந்தது. ஸ்டீராய்டு சேர்ப்பதால் மொத்தத்தில் பலனில்லை என்று காட்டியதும் அதே ஆய்வுதான். நொகார்டியா உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு கெடுதலே செய்தது.

புண் வராமலே தடுக்கலாம் என்பதையும் மதுரை மாவட்டக் கிராமங்களில் சோதித்திருக்கிறார்கள். கீறல் பட்டவுடன் வந்தவர்களுக்கு 1 சதவீத குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக் களிம்பு, ஒரு நாளைக்கு மூன்று முறை, மூன்று நாள். ஒரு பிரிவுக்கு மட்டும் க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்தும் சேர்த்தார்கள். இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய எல்லோருக்கும் கீறல் ஆறியது. இதைச் செய்ய ஊரிலேயே ஒரு சுகாதாரப் பணியாளரும் ஃப்ளோரசின் சாயம் ஏற்றிய தாளும் நீல விளக்கும் போதும். தாளை நனைத்துத் தொட்டால் கீறல் பச்சையாக ஒளிரும். கருவிழி தெளிவாக இருந்து கீறல் மட்டும் தெரிந்தால் களிம்பு. கடுகளவு வெண்மை தெரிந்தாலும் களிம்பும் வேண்டாம், சொட்டும் வேண்டாம். எந்த மருந்தும் படாத கண்ணோடு அன்றே ஸ்கிராப்பிங் செய்யும் இடத்துக்கு அனுப்ப வேண்டும்.