பார்த்தேன், கண்டேன்

இரண்டு வாக்குமூலங்களும் ஒரே மாதிரி இருந்தன. ஒன்று விடுதிக் காவலாளியுடையது, மற்றொன்று அடுப்படியில் உதவிக்கு இருந்த பெண்ணுடையது. இருவரும் இன்னும் வாய் திறந்திருக்கவில்லை. தாளாளர் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்ததைத்தான் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். "சமையற்காரி இருட்டிய பிறகு அரிசி மூட்டையை வெளியே கொண்டுபோனதை என் கண்ணால் பார்த்தேன்." இரண்டாவது தாளை உருளையில் ஏற்றியபோது கை சற்று நின்றது. 'என் கண்ணால் பார்த்தேன்' என்பதை 'கண்ணாரக் கண்டேன்' என்று மாற்றி அடித்தேன்.

அப்படி மாற்றச் சொல்லி எவரும் எனக்குக் கட்டளையிடவில்லை.

20 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. மற்ற எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. என் வேலை நிர்வாகம் கொடுத்த வேலை, அரசு ஒப்புதல் பெற்ற பணியிடம் அல்ல. ஒரு வரி எழுதினால் போதும், மறுநாள் நான் தெருவில் நிற்கவேண்டும். மூத்தவள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், இளையவள் பத்தாம் வகுப்பு. இதைச் சொல்லும்போது சாக்குச் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை, உண்மை அதுதான். மேலும் நான் ஒன்றும் பேசாமலும் இருந்துவிடவில்லை. "ஐயா, அந்த இரண்டு மூட்டையும் அசனத்துக்கு..." என்று தாளாளரிடம் ஆரம்பித்தேன். அவர் தலை நிமிராமலே, "உம்மிடம் கேட்டது தட்டச்சு. கணக்கு இல்லை" என்றார். அதற்குமேல் எனக்கு வார்த்தை வரவில்லை.

அசனம் என்றால் நம் பக்கத்தில் விளக்கவேண்டியதில்லை, சபையார் எல்லோரும் கூடி உண்ணும் கோயில் விருந்து. அந்த வருடம் கோயிலில் காணிக்கையாளர் பெயர்களை வாசித்தபோது தாளாளர் குடும்பத்தின் பெயரில் இரண்டு மூட்டை அரிசி என்று வாசித்தார்கள். அந்த மூட்டைகள் விடுதியின் பின்வாசல் வழியாக வேனில் ஏறியதை நான் அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்திருந்தேன். வாயைத் திறக்காமல் பந்தியில் உட்கார்ந்து இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அண்டாவின் பக்கத்தில் நின்று கஞ்சி வடித்துக்கொண்டிருந்தவள் அந்தச் சமையற்காரி. அடுத்த வாரம் அலுவலகத்துக்கு வந்து, "இருப்பு அறையில் அரிசி குறைகிறது, தம்பி, ஒரு தடவை வந்து எண்ணிப் பாருங்கள்" என்று முதலில் சொன்னவளும் அவள்தான்.

நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ஓய்வுநாள் பள்ளியில் பல வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கீரைக்கொல்லை போடத் தோட்டத்தைக் கேட்கிற ராஜா ஆகாப், பிதாக்கள் விட்டுப்போன சுதந்தரத்தைக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லி உயிரை இழந்த நாபோத், கடைசியில் தீர்க்கதரிசி எலியா. பிள்ளைகளுக்கு எலியா வருகிற இடம்தான் பிடிக்கும், எனக்கும் அப்படித்தான். அந்த வேலைக்குப் பிறகு 1 இராஜாக்கள் 21-ஐத் திறந்தால் என் கண் வேறு இடத்தில் போய் நிற்கிறது. ராணி யேசபேல் ராஜாவின் பேரால் நிருபம் எழுதி, முத்திரை போட்டு, ஊர் மூப்பருக்கு அனுப்புகிறாள். உபவாசம் கூறவேண்டும், நாபோத்தை ஜனத்தின் முன்னே நிறுத்தவேண்டும், அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல இரண்டு பேரை ஏற்படுத்தவேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது நியாயப்பிரமாணம். அதைக்கூட விட்டுவிடாமல் பார்த்துக்கொள்கிறாள். மூப்பர்கள் அவனோடு ஒரே பட்டணத்தில் குடியிருந்தவர்கள், அவன் தகப்பனையும் அறிந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி வேதம் சொல்வது இவ்வளவுதான்: நிருபங்களில் "எழுதியிருந்தபடியே செய்தார்கள்."

எலியா ஆகாபிடம் போகிறார். ஆகாபின் வீட்டுக்கும் யேசபேலுக்கும் வரப்போகிறதைச் சொல்கிறார். ஆகாப் சாக்குத்துணியான இரட்டு உடுத்தித் தன்னைத் தாழ்த்துகிறான், அவனுக்குக்கூட ஒரு தவணை கிடைக்கிறது. மூப்பர்களுக்கு ஒரு வார்த்தையும் இல்லை. ஆரம்பத்தில் இது எனக்கு ஆறுதலாக இருந்தது. தேவன் பெரியவர்களிடம்தான் கணக்குக் கேட்பார், என்னைப் போன்றவர்களை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. தண்டனை வந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

கீழ்ப்படிதலைப் பற்றி எனக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன் என்ற ரோமர் 13 எனக்கு மனப்பாடம். மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப் பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம் என்று ஆலோசனைச் சங்கத்தின் முன் பேதுரு சொன்னதும் மனப்பாடம். தட்டச்சுப் பொறியின் முன் எனக்கு முதல் வசனம் மட்டுமே நினைவுக்கு வந்தது. பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். தம்மை அனுப்பிய சங்கத்தோடு மனச்சாட்சிக்காக முரண்பட்டு, 1835-இல் அதிலிருந்து விலக்கப்பட்டு, 1838-இல் இந்த மண்ணிலேயே இறந்தவர். ஆனால் அவர் பின்னால் சபைகள் நின்றன. எனக்குப் பின்னால் வீட்டு வாடகை நின்றது. இதை எழுதும்போதே எகிப்தின் மருத்துவச்சிகள் நினைவுக்கு வருகிறார்கள். சிப்பிராளும் பூவாளும் சம்பளத்துக்கு வேலை செய்கிற பெண்களைப் போலத்தான். எபிரெயரின் ஆண்பிள்ளைகளைப் பிறந்ததும் கொல்லும்படி பார்வோன் நேரடியாகவே கட்டளையிட்டான், அவர்கள் செய்யவில்லை. அவர்களுடைய குடும்பங்கள் தழைக்கும்படி தேவன் செய்தார் என்று எழுதியிருக்கிறது. நான் எந்தக் குடும்பத்தைக் காட்டி என்னைக் காப்பாற்றிக்கொள்கிறேனோ, அந்த இடத்திலேயே அந்த வசனம் குறுக்கே நிற்கிறது.

எனக்கு ஒரு பெருமை இருந்தது, அதையும் சொல்லிவிடவேண்டும். காவல்துறைக்குப் போகவேண்டாம், தானாக விலகியதாக எழுதி வாங்கிச் சத்தமில்லாமல் அனுப்பிவிடலாம் என்று தாளாளரிடம் மன்றாடியவன் நான். அவர் ஒப்புக்கொண்டார். ஒரு ஏழையைச் சிறையிலிருந்து காப்பாற்றினேன் என்று வருடக்கணக்காக நம்பியிருந்தேன். பிறகு ஒருநாள் அப்போஸ்தலர் 16. பிலிப்பி பட்டணத்து அதிகாரிகள் பவுலை விசாரிக்காமல் அடித்து, விடிந்ததும் ரகசியமாகப் போகச் சொல்கிறார்கள். அவர் மறுத்து, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்கிறார். ரோமர் 13-ஐ எழுதிய அதே பவுல்தான். சத்தமில்லாமல் அனுப்புவது யாருக்கு வசதி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவளிடம் நான் கேட்கவே இல்லை. சத்தமாக விசாரிக்கட்டும் என்று அவள் சொல்லியிருக்கக்கூடும்.

கைநாட்டு வாங்கியதும் நான்தான். விலகல் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இது நீங்கள் எழுதியதா, தம்பி?" என்றாள்.

"இல்லை அக்கா. நான் தட்டச்சு மட்டும்தான் செய்தேன்."

"அப்படியானால் சரி" என்று கையை நீட்டினாள். பெருவிரலில் பழைய தீக்காயம், தோல் வழுவழுவென்று இருந்தது. ரேகை விழவில்லை. அவள் விரலை நானே பிடித்து, மை அட்டையில் இரண்டாம் முறை புரட்டி, தாளில் அழுத்தினேன். துடைத்துக்கொள்ளப் பொறியைத் துடைக்கிற பழந்துணியைக் கொடுத்தேன். "அப்படியானால் சரி" என்று ஏன் சொன்னாள் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நம்பினாளா, அல்லது என்னை அந்த அளவுக்கு எடைபோட்டுவிட்டாளா?

இன்று அதே நாற்காலியில் உட்காரவைத்தால் மாட்டேன் என்று எழுந்திருப்பேனா? எழுந்திருப்பேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. சொல்லமுடியவில்லை. ஆனால் 'பார்த்தேன்' என்பதை இரண்டு தாளிலும் அப்படியே விட்டிருப்பேன். வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்திருந்தால், கோப்பைப் புரட்டுகிற யாராவது ஒருவர், இது எப்படி என்று கேட்டிருப்பார்.